சிமெண்ட் உறை இரட்டைக் குழிக் கழிப்பறை: பெரியபட்டினம் பக்கத்து மணலில் எப்படி இருக்கிறது?

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் உள்ள பெரியபட்டினத்துக்குப் பக்கத்தில், வீட்டுக் கொல்லையில் சிமெண்ட் உறை (வளையம்) இறக்கிக் கட்டிய இரட்டைக் குழிக் கழிப்பறை எங்களிடம் மழைக்காலத்தையும் கோடையையும் கண்டுவிட்டது. கொடுத்த பணத்துக்குத் தகுந்த பொருள் என்பதே என் கருத்து. ஆனால் உறை விற்பவர் சொல்கிறபடியே இறக்கியிருந்தால் அதன் பயனில் பாதிகூடக் கிடைத்திருக்காது என்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இதைக் கட்டியதற்குக் காரணம் குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு. கர்ப்பமாக இருந்த மருமகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காகக் கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டை தெரிந்தது. மாத்திரை புழுவைக் கொல்லும், ஆனால் அதே தரையில் மீண்டும் வெறுங்காலோடு நடந்தால் புழு மீண்டும் ஏறும் என்று கிராம சுகாதாரச் செவிலியர் சொன்ன பிறகுதான் வீட்டில் இந்தப் பேச்சு தொடங்கியது.

கொக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு தரையில் விழுந்த உடனே யாருக்கும் தொற்றுவதில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் நிழலும் கிடைத்தால் 1 அல்லது 2 நாளில் பொரிந்து, 5 முதல் 10 நாளுக்குள் தோலைத் துளைக்கும் பருவத்தை இளம்புழு அடைகிறது. அதன்பின் 3, 4 வாரம்வரைகூட மண்ணிலேயே உயிரோடு இருக்கும். பொலபொலவென்ற மணல் அதற்கு உகந்தது. உப்புநீரும் சுள்ளென்ற வெயிலும் ஆகாது. ஆகையால் அலையடிக்கும் ஈரமணலில் நின்று கரைவலை இழுப்பவரைவிட, ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஊருக்குப் பின்புறத்துப் பனங்காட்டிலும் சீமைக் கருவேல மறைவிலும் ஒதுங்கப் போகிறவருக்கே ஆபத்து அதிகம். கால் விரலிடுக்கில் அரிப்பும் சிறு கொப்புளமும் வந்தால் சேற்றுப்புண் என்று மஞ்சளை அரைத்துப் பூசிவிடுகிறோம். புழுவோ அதற்குள் இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் போய்க் கடித்துக்கொள்கிறது. ஒரு புழு குடிக்கும் இரத்தம் துளியளவுதான். நூற்றுக்கணக்கில் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் இருந்தால்தான் சோகை முற்றுகிறது.

மலம் மண்ணின் மேற்பரப்பைத் தொடாமல் இருந்தால் இந்தச் சுற்று அறுந்துவிடும். இங்கேதான் உறைக் கடையின் மேல் எனக்குக் குறை. எங்களுக்கு உறை கொடுத்தவர், ஒரே குழியாக ஆழமாக இறக்கிவிடுங்கள், நிறைந்தால் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும் என்றார். ஒற்றைக் குழியை உறிஞ்சும்போது வெளியே வருவது நேற்றைய மலமும் சேர்ந்த பச்சைக் கழிவு. அதை லாரிக்காரர் எங்கேயாவது திறந்தவெளியில் கொட்டினால் முட்டை மறுபடியும் மண்ணுக்குத்தான் வருகிறது. இரண்டாவது குழிக்குக் கொடுக்கும் பணம் உண்மையில் காலத்துக்குக் கொடுக்கும் பணம். ஒன்று நிறைந்ததும் சேம்பரில் (குழாய் இரண்டு குழிக்கும் பிரியும் சிறு தொட்டி) அதன் வாயை அடைத்து மற்றதற்குத் திருப்பிவிட்டால், மூடிய குழி 2 ஆண்டு கிடந்து மக்கும். கொக்கிப்புழு முட்டை அதற்குள் செத்துவிடும், பிறகு அள்ளித் தென்னைக்குப் போடலாம்.

உறைக் கடைக்காரர் முதலில் ஏற்றி அனுப்பியதும் துளையில்லாத கிணற்று உறை. நீர் கசிய வழியில்லாவிட்டால் குழி சீக்கிரம் நிரம்பி வழியும். திருப்பி அனுப்பிப் பக்கத் துளை உள்ள உறை வாங்கினோம். அதிலும் துளை விரல் நுழையும் அளவுக்குப் பெரிதாக இருந்ததால், நம் ஊர் நைஸ் மணல் உள்ளே சரிந்துவிடும் என்று கொத்தனார் ஒவ்வொரு துளையையும் கலவையால் சுருக்கிவிட்டுத்தான் இறக்கினார். அவருடைய பொறுமைக்குத் தனியாக ஒரு பாராட்டு.

நம் பகுதியில் சிரட்டையால் அள்ளிக் குடிக்கும் ஊற்று மணலுக்குச் சற்றுக் கீழேயே இருக்கிறது. எனவே ஆழம் 1 மீட்டரைச் சுற்றியே இருக்கட்டும் என்று முடிவு செய்து, குழியின் வாயைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, அடியைப் பூசி அடைத்து, சுற்றிலும் அரை மீட்டர் கனத்துக்கு நைஸ் மணல் நிரப்பி, ஊற்றிலிருந்து தள்ளியே அமைத்தோம். ஊற்றுக்குப் பக்கத்தில் மட்டுமே இடம் உள்ள சின்னக் கொல்லைக்கு இந்தக் கழிப்பறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கழிப்பறைக் கோப்பையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சரிவு அதிகமுள்ள கிராமக் கோப்பை என்று கேட்டு வாங்கினால் 2 லிட்டர் தண்ணீரே போதும். தண்ணீர் லாரியை நம்பியிருக்கும் வீட்டுக்கு அது பெரிய ஆறுதல். அரசின் ஊக்கத்தொகையான 12,000 ரூபாய் குழிக்கும் கோப்பைக்கும் சரியாகிவிட்டது. சுவரும் கதவும் கைக்காசு.

இந்தக் கழிப்பறையால் எங்கள் கொல்லை மட்டுமே சுத்தமானது. பக்கத்துத் தோப்பு அப்படியே இருப்பதால் பேரப்பிள்ளைகள் செருப்பில்லாமல் அங்கே போகக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய குடற்புழு நீக்க நாள்களில் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் அல்பெண்டசோல் என்ற புழு மாத்திரையை அவர்கள் தவறாமல் சாப்பிடுகிறார்கள். கர்ப்பிணிகள் முதல் 3 மாதத்தில் அந்த மாத்திரையைச் சாப்பிடக் கூடாது; மருமகளுக்கும் அந்தக் காலம் கடந்த பிறகே மருத்துவர் கொடுத்தார்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். குறைத்த ஒன்று உறைக் கடைக்கு: துளையுள்ள உறையையும் சேம்பரையும் இரண்டு மூடியையும் ஒரே தொகுப்பாக விற்றிருந்தால், வண்டி வாடகையை இரண்டு முறை கொடுக்க வேண்டியிருந்திருக்காது.