‘கேஷ் கிளியர் பண்ணிப் பாருங்க’ என்று சொன்னதும் பில்லைக் கட்டிவிடாதீர்கள்

இணையதளப் பராமரிப்பை வெளியாளிடம் கொடுத்திருப்பவர்களுக்கான எச்சரிக்கை இது. மாற்றம் செய்தாகிவிட்டது என்கிறார்கள், திறந்தால், பிரவுசர் முன்பு சேமித்து வைத்த பிரதியிலிருந்து (அதுதான் கேஷ்) பழைய பக்கமே நிற்கிறது. கேட்டால், “கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூணையும் சேர்த்து அடிங்க சார், வந்துடும்” என்று பதில் வருகிறது. அடித்ததும் புதியது வந்துவிடும். ஆனால் சரியானது உங்கள் கம்ப்யூட்டர் ஒன்றுதான். ஏற்கெனவே தளத்துக்கு வந்துபோன மற்றவர்களுக்கு இன்னும் பழையதுதான் தெரிகிறது. போனில் பார்ப்பவர்களுக்கோ அப்படி அடிக்க ஒரு கீயும் கிடையாது.

ஒரு பயிற்சி நிலையத்தின் தளத்தில் இப்படித்தான் நடந்தது. தொடர்பு எண் மாறியது, பக்கத்திலும் மாற்றினார்கள். முதன்முறை வருபவர்களுக்குப் புது எண், வழக்கமாக வருபவர்களுக்குப் பழைய எண். பராமரிப்பு நிறுவனம் ‘கேஷ் கிளியரிங்’ என்று ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணம் வாங்கியது. அவர்கள் செய்ததெல்லாம் சிடிஎன் (தளத்தின் பிரதியைப் பல ஊர்ச் சர்வர்களில் வைத்து வழங்கும் சேவை) பேனலில் பர்ஜ் பொத்தானை அழுத்தியதுதான். அது சிடிஎன் சர்வர்களில் இருக்கும் பிரதியை மட்டும் அழிக்கும். பார்வையாளரின் பிரவுசருக்குள் போய்விட்ட பிரதியை அந்தப் பொத்தான் தொடாது. அடுத்து எச்டிஎம்எல்லின் (பக்கத்தின் மூலக் குறியீட்டின்) தலைப்பகுதியில் ‘கேஷ் வேண்டாம்’ என்று ஒரு மெட்டா டேக் சேர்த்து அதற்கும் பில் போட்டார்கள். சர்வர் பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் குறிப்பு, அதாவது ஹெடர், தெளிவாக ஒன்றைச் சொல்லும்போது அந்த டேக்கை நம்பி ஒரு பயனும் இல்லை.

கோளாறு இருந்தது ஒரே வரியில். முகப்புப் பக்கத்தின் ரெஸ்பான்ஸ் ஹெடரில் ‘கேஷ்-கன்ட்ரோல்: மேக்ஸ்-ஏஜ்=2592000’ என்று இருந்தது. விநாடிக் கணக்கு அது, 30 நாள். ‘30 நாளைக்கு என்னிடம் கேட்காதே, கையில் இருப்பதையே காட்டு’ என்று சர்வரே பிரவுசருக்கு உத்தரவு கொடுத்திருக்கிறது. வேக மதிப்பெண் கூட வேண்டும் என்று எங்கிருந்தோ எடுத்த எச்டிஆக்ஸஸ் (சர்வர் அமைப்புக் கோப்பு) துண்டை அப்படியே ஒட்டியதில், படங்களுக்குப் போட வேண்டிய ஆயுள் எச்டிஎம்எல்லுக்கும் விழுந்துவிட்டது. இதைத் திருத்தச் சில நிமிடங்கள் போதும். திருத்தாமல் மாதக்கணக்கில் காசு வாங்கியது மன்னிக்கக் கூடியதல்ல.

நீங்களே சோதிக்கலாம். குரோமில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதிக்குப் போங்கள். ‘டிசேபிள் கேஷ்’ டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை எல்லாம் புதிதாகத்தான் வரும், டெவலப்பர்கள் ‘எனக்குச் சரியாத்தானே வருது’ என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பிறகு ரீலோட் பொத்தானை அழுத்தாதீர்கள். சாதாரண ரீலோடே அந்தப் பக்கத்தைச் சர்வரிடம் மறுபடி விசாரித்துவிடும், கோளாறு மறைந்துவிடும். புது டேபில் முதலில் எஃப்12-ஐத் திறந்துகொண்டு முகவரியைத் தட்டியோ, தளத்துக்குள் ஒரு லிங்க்கை அழுத்தியோ வாருங்கள். அளவு காட்டும் பத்தியில் முதல் வரிசைக்கு நேராக, அதாவது பக்கத்துக்கே, ‘டிஸ்க் கேஷ்’ என்று வந்தால் உங்கள் பார்வையாளர்களும் அதே நிலையில்தான் இருக்கிறார்கள். சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்துக்கான கோப்பு), படங்களுக்கு அப்படி வந்தால் பதற வேண்டாம், அது நல்லது.

ஹெடரே இல்லாவிட்டால் கேஷ் ஆகாது என்று சொல்பவர்களையும் நம்பாதீர்கள். கேஷ்-கன்ட்ரோலும் எக்ஸ்பயர்ஸும் (காலாவதி நேரம்) இல்லாமல் லாஸ்ட்-மாடிஃபைட் (கடைசியாக மாறிய நேரம்) மட்டும் இருந்தால் பிரவுசர் தானே ஒரு ஆயுளைக் கணக்கிட்டுக்கொள்ளும். கோப்பு கடைசியாக மாறி எவ்வளவு காலம் ஆனதோ அதில் 10 சதவீதம் என்பது வழக்கமான கணக்கு. 300 நாள் தொடாத கோப்பு என்றால் 30 நாள். நெடுநாள் கழித்துச் செய்யும் மாற்றம்தான் அதிகம் மறைகிறது.

முறையான வேலை எப்படி இருக்கும்? எச்டிஎம்எல் பக்கங்களுக்கு ‘நோ-கேஷ்’. வைத்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்டுவிட்டுக் காட்டு என்பதே அதற்குப் பொருள். ஈ-டேக் (பதிப்பின் அடையாளக் குறி) பொருந்தினால் சர்வர் 304, அதாவது ‘மாறவில்லை’, என்று மட்டும் சொல்லும், பக்கம் மறுபடி இறங்காது. எல்லாவற்றுக்கும் ‘நோ-ஸ்டோர்’ (சேமிக்கவே வேண்டாம்) போட்டுத் தப்பிப்பவர்களும் உண்டு. படங்கள் உட்பட அத்தனையும் ஒவ்வொரு வருகையிலும் முழுதாக இறங்கும், பார்வையாளரின் டேட்டா வீண். சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளுக்கு உள்ளடக்கம் மாறினால் பெயரும் மாறும்படி ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட குறியீடு) சேர்த்து, ‘மேக்ஸ்-ஏஜ்=31536000, இம்யூட்டபிள்’ (மாறாதது) கொடுக்க வேண்டும். 365 நாள். பெயரே மாறிவிடுவதால் பழையது குறுக்கே வராது.

இதிலும் சொதப்புவார்கள். புதிய பதிப்பை ஏற்றும்போது பழைய ஹாஷ் கோப்புகளை அன்றே அழித்துவிட்டால், பழைய பக்கத்தைத் திறந்து வைத்திருப்பவர் அடுத்த பகுதிக்குப் போகும்போது வெள்ளைத் திரைதான் மிஞ்சும். இல்லாத கோப்புக்கெல்லாம் முகப்புப் பக்கத்தையே அனுப்பும்படி சர்வர் அமைந்திருந்தால், ஜாவாஸ்கிரிப்ட் வர வேண்டிய இடத்தில் எச்டிஎம்எல் வந்து, கன்சோலில் ‘அன்எக்ஸ்பெக்டட் டோக்கன்’ என்று சிவப்பில் நிற்கும். பழைய கோப்புகள் சில வாரமாவது சர்வரில் இருக்கட்டும்.

வேர்ட்பிரஸில் இன்னொரு பொறி. ஸ்டைல் கோப்பைச் சேர்க்கும்போது பதிப்பு எண் கொடுக்காவிட்டால் வேர்ட்பிரஸ் தன் சொந்தப் பதிப்பு எண்ணையே கோப்பு முகவரியின் கடைசியில் (அதுதான் குவெரி ஸ்டிரிங்) ‘வெர்’ என்று ஒட்டும். நீங்கள் சிஎஸ்எஸ்ஸை எத்தனை முறை மாற்றினாலும் அந்த எண் நகராது. கோப்பு மாறிய நேரத்தை எண்ணாகக் கொடுப்பது எளிய தீர்வு. வேக பிளகின்களில் ‘குவெரி ஸ்டிரிங்கை நீக்கு’ என்ற வசதி இயங்கினால் இந்தப் பாடும் வீண்தான், அதை அணைத்துவிடுங்கள். என்ஜின்எக்ஸ் சர்வரில், அமைப்புக் கோப்பின் உள் லொகேஷன் பிளாக்கில் (ஒரு பாதைக்கான பகுதி) ஒரு ஆட்-ஹெடர் (ஹெடர் சேர்க்கும் வரி) எழுதினால் வெளியே எழுதியவை அங்கே பொதுவாக இறங்காது. சரியாக எழுதியும் ஹெடர் வரவில்லை என்றால் முதலில் அங்கே பாருங்கள்.

சர்வீஸ் வொர்க்கர்தான் (பிரவுசரில் தங்கி, தளத்துக்குப் போகும் கோரிக்கைகளை இடைமறிக்கும் ஸ்கிரிப்ட்) எல்லாவற்றிலும் மோசமானது. ‘தளத்தை ஆப் மாதிரி ஆக்குகிறோம்’ என்று நிறுவிவிட்டுப் போவார்கள். கேஷிலிருந்தே முதலில் எடுக்கும்படி எழுதியிருந்தால் ஹெடரைத் திருத்தியும் பயனில்லை. அந்தக் கோப்பைச் சர்வரிலிருந்து அழிப்பது தவறான வைத்தியம்: 404 (‘கோப்பு இல்லை’) வந்தால் அப்டேட் தோற்கும், பழைய வொர்க்கர் பிரவுசரில் அப்படியே இருக்கும். அதே பெயரில், அதே இடத்தில், கேஷ்களை அழித்துத் தன்னைத்தானே பதிவு நீக்கிக்கொள்ளும் புதிய கோப்பை வைக்க வேண்டும். வொர்க்கரைப் பதிவு செய்யும் வரி பக்கத்தில் இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும், இல்லையேல் மறுபடி ஏறும்.

30 நாள் ஆயுளோடு ஏற்கெனவே போய்விட்ட பக்கத்தைத் திரும்ப அழைக்க முடியாது. ஹெடரை இன்றே திருத்தினால் கடைசிப் பழைய பிரதி காலாவதியாக அன்றிலிருந்து 30 நாள் ஆகலாம். அதுவரை பழைய தொலைபேசி எண்ணைத் துண்டிக்காதீர்கள். விலைப் பட்டியல் போன்ற உள்பக்கம் என்றால் புது முகவரியில் வைத்து லிங்க்குகளை மாற்றுங்கள். ‘உடனே எல்லாருக்கும் சரிசெய்து தருகிறோம்’ என்று யாராவது தனிக் கட்டணம் கேட்டால், எந்த ஹெடரை எப்படி மாற்றப்போகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் பணம் கொடுக்காதீர்கள்.