தட்டில் நாலு பச்சைக் கல்: ஜேடு என்று எதற்குக் காசு கொடுக்கலாம்?

மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் உதிரிக் கல் பார்க்கப் போய் ஜேடு கேட்டால், தட்டில் வந்து விழும் பச்சைக் கல்லெல்லாம் ஒரே ஜாதியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். இயற்கையான ஜேடைட், அமிலத்தில் வெளுத்துப் பிசின் ஏற்றிய ஜேடைட், நெஃப்ரைட், அவென்ச்சுரின் எல்லாமே அந்தப் பெயரில் சந்தையில் ஓடுகின்றன. புதனுக்கு மரகதம் போட வசதிப்படாமல் மாற்றுக் கல் தேடுகிறவருக்கு இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். அவருக்குப் பச்சையாக இருந்தால் போதும் என்று கடைக்காரரே முடிவு கட்டிவிடுவார்.

அவென்ச்சுரினை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். 'இந்தியன் ஜேடு' என்று விற்றாலும் அது குவார்ட்ஸ் வகை. லூப்பில், அதாவது கல் பார்க்கும் சின்ன உருப்பெருக்கியில் பார்த்தால், உள்ளே பச்சை அபிரகச் செதில்கள் மினுங்கும். மோசமான கல் இல்லை. அதன் விலைக்கு அதன் பெயரிலேயே கொடுத்தால் தாராளமாக வாங்கலாம்.

உண்மையான ஜேடு இரண்டு. ஜேடைட்டும் நெஃப்ரைட்டும் வேறு வேறு கனிமங்கள் என்று 1863-இல் பிரித்துக் காட்டியவர் பிரெஞ்சுக்காரரான டமூர். கண்ணால் பிரிப்பது கஷ்டம், தராசால் சுலபம். கல் விற்கிற கடையில் 0.01 கிராம் காட்டும் தராசு இருக்கும். 10 காரட் கல் என்றால் 2 கிராம். ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, தராசைப் பூஜ்யமாக்கி, கல்லை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். அந்த 2 கிராம் கல் ஜேடைட்டாக இருந்தால் தராசு 0.60 கிராம் வாக்கில் காட்டும், நெஃப்ரைட் 0.68, அவென்ச்சுரின் 0.75. கல்லில் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பிவிடும், தட்டிவிட்டுப் பார்க்க வேண்டும். இதைச் செய்து காட்டத் தயங்குகிற கடையில் எனக்கு வேலை இல்லை.

ஆனால் காசு அதிகம் போவது இந்த இடத்தில் அல்ல, ஜேடைட்டுக்குள்ளேயே. மெழுகு பூசி மெருகேற்றியதோடு விட்ட கல்லை வியாபாரத்தில் 'ஏ' என்பார்கள். அமிலத்தில் போட்டுப் பழுப்புக் கறையை எடுத்து, அரித்த இடுக்கில் பிளாஸ்டிக் பிசின் நிரப்பியது 'பி'. சாயம் ஏற்றியது 'சி'. இரண்டும் செய்தது 'பி பிளஸ் சி'. பக்கத்தில் வைத்தால் சாதாரண 'ஏ' கல் மங்கலாக, அங்கங்கே வெள்ளைத் திட்டோடு இருக்கும். 'பி' கல் பளிச்சென்று கண்ணாடி மாதிரி நிற்கும். கை தானாக அதற்குத்தான் போகும். அங்கேதான் நிதானம் வேண்டும். தராசு இதில் உதவாது, இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை. பத்து மடங்கு லூப்பில் மேற்பரப்பைச் சாய்த்துப் பாருங்கள்: அமிலம் பட்ட கல்லில், வற்றிய கண்மாய்த் தரை மாதிரி வலைவலையாக வெடிப்பு தெரியலாம். சாயம் என்றால் பச்சை கீறல்களில் போய்த் தங்கியிருக்கும். புற ஊதா விளக்கில் நீலம் கலந்த வெள்ளையாக ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம். ஒளிராததால் மட்டும் 'ஏ' ஆகிவிடாது. விலை பெரிசு என்றால் அகச்சிவப்புச் சோதனை செய்யும் லேபுக்குத்தான் போக வேண்டும். சர்டிபிகேட்டில் 'இயற்கை ஜேடைட்' என்ற வரியோடு திருப்திப்படாமல், ட்ரீட்மென்ட் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேடுங்கள்.

பிசின் கல்லுக்கு ஆயுசும் கம்மி. நாளாவட்டத்தில் மஞ்சளிக்கும், சூடு தாங்காது. பின்னாளில் மோதிரம் இறுக்கமாகி, பத்தர் கல்லோடு வைத்துப் பற்றவைத்தால் கதை முடிந்தது.

அப்படியானால் நெஃப்ரைட்? நிறத்தில் அது தோற்கும். ஜேடைட்டின் உயர்தரப் பச்சைக்குக் குரோமியம் காரணம். நெஃப்ரைட்டுக்குப் பெரும்பாலும் இரும்பு, அதனால் கீரைப் பச்சையாக இருண்டே இருக்கும். ஆனால் உறுதியில் அதுதான் ஒரு படி மேல்: உள்ளே நார்நாராகப் பின்னிக்கிடப்பதால் இடிபட்டாலும் சட்டென்று உடையாது. நாள் முழுக்க வண்டி ஓட்டி, சாமான் தூக்குகிற கைக்கு அதைத்தான் சொல்வேன். விரலுக்கு நிறம்தான் முக்கியம், செலவு பரவாயில்லை என்றால் சின்னதாக ஒரு 'ஏ' ஜேடைட். பெரிய, பளபளப்பான 'பி' கல்லை எந்த விலைக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

விலை பேசுவதில் ஒன்று. மரகதம் மாதிரி ஜேடைக் காரட் கணக்கில் மட்டும் பேசாதீர்கள்; நல்ல ஜேடு ஒரு கல்லுக்கு இவ்வளவு என்றுதான் விலைபோகும். நிறம் திட்டில்லாமல் பரவியிருக்கிறதா, வெளிச்சம் எவ்வளவு உள்ளே போகிறது, உள்ளே மணல்மணலாகத் தெரியாத நைசான உடம்பா என்பதே கணக்கு. கல்லைக் கவிழ்த்தும் பாருங்கள். அடியைக் குடைந்திருந்தால் கறுத்த கல்லும் வெளிறி அழகாகத் தெரியும். கடை விளக்கை விட்டு வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பதைக் கடைக்காரர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். பில்லில் வெறும் 'பச்சைக்கல்' என்று எழுத விடாமல், 'ஏ டைப் ஜேடைட்' அல்லது 'நெஃப்ரைட்' என்று எடையோடு எழுதி வாங்குங்கள்.