படகுக்கு வாங்கும் திரவக் காம்பஸ்: ராமநாதபுரம் கடலுக்கு எது பொருந்தும்?

ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, தொண்டி பக்கம் ஃபைபர் படகிலும் விசைப்படகிலும் பொருத்துவதற்கு விற்கும் 4 அங்குல திரவக் காம்பஸைப் பற்றியது இந்த மதிப்புரை. திரவம் நிரம்பிய கிண்ணம், உள்ளே மிதக்கும் எண் அட்டை, அட்டைக்கு அடியில் காந்தம், பக்கவாட்டில் இரண்டு திருத்தத் திருகுகள், இரவுக்கு ஒரு சின்ன விளக்கு. அவ்வளவுதான் பொருள்.

ஜிபிஎஸ் இருக்கும்போது இது எதற்கு? சாதாரண ஜிபிஎஸ் கருவி, படகு நகர்வதை வைத்துத்தான் திசையைக் கணக்கிடுகிறது. படகு நின்றுவிட்டால் அணியம் (படகின் முன்முனை) எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அதற்குத் தெரியாது. நின்ற இடத்திலும், பேட்டரி தீர்ந்த பிறகும் திசை சொல்வது காம்பஸ்தான். அதனால் கட்டாயம் வாங்க வேண்டிய பொருள். ஆனால் கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுப்பதை வாங்கிவிடக் கூடாது.

முதலில் பார்க்க வேண்டியது அட்டையின் சமநிலை. இதைத்தான் பெரும்பாலானோர் பார்ப்பதில்லை. பூமியின் காந்தப் புலம் எல்லா ஊரிலும் தரைக்கு இணையாக ஓடுவதில்லை. லண்டனில் அது தரையிலிருந்து சுமார் 66 டிகிரி கீழ்நோக்கிச் சரிந்திருக்கிறது. நம் கரையில் சில டிகிரிதான், ஏனென்றால் புலம் தரைக்கு இணையாக ஓடும் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டிப் போகிறது. 1963-ல் ராக்கெட் ஏவுவதற்குத் திருவனந்தபுரம் அருகேயுள்ள தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் இந்தக் கோட்டுக்காகத்தான்.

வட ஐரோப்பாவுக்கென்று செய்த காம்பஸில், கீழே இழுபடும் வடமுனையைச் சமன் செய்ய அட்டையின் தென்பக்கம் எடை கூட்டியிருப்பார்கள். அதையே இங்கே கொண்டுவந்தால் இழுக்கும் விசை இல்லை, எடை மட்டும் இருக்கிறது, தென்பக்கம் தாழ்ந்துவிடும். கரையில் பார்க்கும்போது லேசான சரிவாகத்தான் தெரியும். கச்சான் காற்றில் படகு சாயும்போது அட்டையின் விளிம்பு கண்ணாடியில் உரசி ஒட்டிக்கொள்ளும். படகு திரும்பினாலும் எண் மாறாது. உடைந்த காம்பஸைவிட இது ஆபத்து. பெட்டியில் எந்த மண்டலத்துக்குச் செய்தது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் சோதித்துத்தான் வாங்க வேண்டும்.

சோதனை கடையின் இரும்பு மேஜையில் வேண்டாம். வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் சமமாக வைத்து, நான்கு திசைக்கும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். அட்டை எப்போதும் கிண்ணத்தின் விளிம்புக்கு இணையாக நிற்க வேண்டும். பிறகு ஒரு ஸ்பேனரை அருகே கொண்டுபோய் அட்டையை 20 டிகிரி அளவுக்கு விலக்கிவிட்டு, ஸ்பேனரைத் தூர எடுத்துவிடுங்கள். அட்டை பழைய எண்ணுக்கே திரும்ப வேண்டும். 1 டிகிரிக்கு மேல் தள்ளி நின்றால் அட்டையைத் தாங்கும் ஊசிமுனை தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பழைய சாமானாக வாங்குவதில் இந்தக் குறை அதிகம்.

கிண்ணத்தில் காற்றுக்குமிழி இருந்தால் அதையும் ஒதுக்குங்கள். வெயிலில் திரவம் விரிந்து சுருங்குவதைத் தாங்கும் சவ்வோ, ரப்பர் வளையமோ போயிருக்கும். டீசலோ தேங்காய் எண்ணெயோ ஊற்றி நிரப்பினால் அட்டையின் பெயின்ட் கரைந்து எண் மங்கிவிடும். தயாரிப்பாளர் சொல்லும் திரவம் மட்டும்தான். ஸ்பிரிட் வகையையும் எண்ணெய் வகையையும் கலக்கவே கூடாது.

நம் கடலுக்கு ஒரு அனுகூலம் உண்டு. அட்டையைத் திருப்பும் கிடைமட்டக் காந்த வலிமை இங்கே சுமார் 40,000 நானோடெஸ்லா. லண்டனில் அதில் பாதிதான். அதனால் நல்ல அட்டை இங்கே தள்ளாடாமல் சீக்கிரம் நிலைக்கு வரும்.

இனி, இந்த அட்டை காட்டும் வடக்கு எது என்பதற்கு வருவோம். பூமி சுழலும் அச்சின் முனை புவியியல் வட துருவம். சார்ட்டில் (கடல் வரைபடத்தில்) நெடுக்குக் கோடுகள் போய்ச் சேரும் இடம் அது. காந்தத் துருவம் வேறு. 1831-ல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அதைக் கனடாவின் வடக்கே பூத்தியா தீபகற்பத்தில் கண்டுபிடித்தார். பிறகு அது வடக்கே நகர்ந்து, 1990-களுக்குப் பின் ஆண்டுக்கு 50 கி.மீ.க்கு மேல் வேகமெடுத்து, சைபீரியாவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. அண்மையில் வேகம் 35 கி.மீ. அளவுக்குக் குறைந்திருக்கிறது. 2025 தொடக்கத்தில் அது புவியியல் துருவத்திலிருந்து சுமார் 470 கி.மீ. தள்ளி இருந்தது. தென் காந்தத் துருவமோ அண்டார்டிகா நிலத்திலேயே இல்லை. கரைக்கு அப்பால் கடலில் இருக்கிறது. சுமார் 2,900 கி.மீ. ஆழத்துக்குக் கீழே உருகிய இரும்பு ஓடுவதால் பிறக்கும் புலம் இது. அந்த ஓட்டம் மாறினால் துருவமும் இடம் மாறும்.

துருவம் இவ்வளவு தூரம் ஓடியும் நம் காம்பஸ் ஏன் பெரிதாக விலகவில்லை? அட்டையின் காந்தம் துருவத்தைத் தேடிப் பார்ப்பதில்லை. தான் இருக்கும் இடத்தில் புலம் எப்படி ஓடுகிறதோ அதோடு ஒத்து நிற்கிறது, அவ்வளவுதான். ராமநாதபுரம் கரையில் அது உண்மை வடக்கிலிருந்து ஏறக்குறைய 2 டிகிரி மேற்கே நிற்கிறது. எனவே சார்ட்டில் அளந்த திசையோடு 2 கூட்டினால் காம்பஸில் பிடிக்க வேண்டிய எண் கிடைக்கும். சார்ட்டில் 090 என்றால் காம்பஸில் 092. காம்பஸிலிருந்து சார்ட்டுக்குப் போகும்போது 2 கழிக்க வேண்டும்.

2 டிகிரி சின்ன விஷயமில்லை. 12 கடல்மைல் ஓடினால் சுமார் 780 மீட்டர் விலகல். எல்லைக் கோடு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் பாக் நீரிணையில் 780 மீட்டர் என்பது படகையும் ஆட்களையும் பறிகொடுக்கப் போதுமான தூரம். அடிக்கடி நடக்கும் தவறு: ஒரு படகின் ஜிபிஎஸ் ‘ட்ரூ’விலும் (உண்மை வடக்கு) இன்னொன்றின் ஜிபிஎஸ் ‘மேக்னடிக்’கிலும் (காந்த வடக்கு) இருக்க, வயர்லெஸ்ஸில் எண்ணை மட்டும் சொல்லிக்கொள்வது. ஒன்றாகப் போகும் படகுகள் எல்லாம் ஒரே அமைப்பில் இருக்க வேண்டும். காம்பஸோடு ஒப்பிட ‘மேக்னடிக்’ வசதி.

இந்த 2 என்றென்றைக்கும் உரியதல்ல. டேராடூனிலுள்ள தேசிய நீர்ப்பரப்பு அளவை அலுவலகத்தின் சார்ட்டில் திசைவட்டத்துக்குள் காந்த வடக்கின் இந்த விலகலும், அது எந்த ஆண்டுக்குரியது என்பதும், ஆண்டு மாற்றமும் அச்சிட்டிருக்கும். ஆண்டு மாற்றத்தை அதன்பின் கடந்த ஆண்டுகளால் பெருக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் கருவிகள் நம்பியிருக்கும் உலகக் காந்த மாதிரி 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. இப்போதையது 2029 இறுதிவரை செல்லும். பழைய ஜிபிஎஸ்ஸில் மென்பொருளைப் புதுப்பிக்காவிட்டால் பழைய கணக்குதான் ஓடும்.

காம்பஸ் கெட்டுப்போவதைவிட, பொருத்தும் இடம் அதைக் கெடுப்பதுதான் அதிகம். ஸ்பீக்கர், வயர்லெஸ் மைக், கைப்பேசி, நங்கூரம் எல்லாம் குறைந்தது 1 மீட்டர் தள்ளி இருக்கட்டும். திருகுகள் பித்தளையாக இருக்க வேண்டும். விளக்குக்குப் போகும் இரண்டு வயரையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுபோனால் அவற்றின் காந்தப் பாதிப்பு அடங்கிவிடும். கண்ணாடிக்குள் இருக்கும் குறிக்கோடு படகின் நடுக்கோட்டுக்கு இணையாக நிற்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள்.

பிறகு திருத்தம், அதாவது படகின் இரும்பால் வரும் பிழையைக் குறைப்பது. அலையடங்கிய காலையில், ராமேஸ்வரத்தின் டிவி கோபுரம் 5 கடல்மைலுக்கு அப்பால் தெரியும் இடத்தில் படகை மெதுவாக வட்டமடிக்க விடுங்கள். கோபுரத்தின் திசையைச் சார்ட்டில் அளந்து 2 கூட்டிக்கொள்ளுங்கள். அணியம் வடக்கு பார்க்கும்போது கோபுரம் அந்த எண்ணில் தெரியும்வரை வட–தென் திருகைப் பித்தளை ஸ்க்ரூடிரைவரால் திருப்புங்கள். கிழக்கு பார்க்கும்போது மற்றத் திருகு. தெற்கிலும் மேற்கிலும் மிஞ்சும் பிழையில் பாதியை மட்டும் எடுக்க வேண்டும்; முழுதும் எடுத்தால் முதலில் சரிசெய்தது கெட்டுவிடும். மிஞ்சியதை எட்டுத் திசைக்கும் எழுதி சுக்கான் அருகே ஒட்டிவையுங்கள். எஞ்சின் மாற்றினால் மறுபடி செய்ய வேண்டும். பாம்பன் ரயில் பாலத்தின் இரும்புக்கு அருகில் போகும்போது எண்ணை நம்ப வேண்டாம்.

இடையில் சரிபார்க்கச் செலவில்லாத வழி துருவ நட்சத்திரம். உண்மை வடக்கிலிருந்து 1 டிகிரிக்கும் குறைவாகவே அது விலகும். நம் கரையில் அடிவானத்திலிருந்து 9 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். கையை நீட்டி மடக்கிய முஷ்டியின் அகலம். வானம் தெளிந்த இரவில் அணியத்தை அதற்கு நேரே நிறுத்தினால் அட்டை 002-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 005-க்கு மேல் காட்டினால், முதலில் காம்பஸ் பக்கத்தில் யார் கைப்பேசியை வைத்தது என்று பாருங்கள்.