டர்பனில் பின்கட்டு வைத்த வீடா, கடலோரப் பிளாட்டா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீடோ பிளாட்டோ வாங்கப் பத்து லட்சம் ராண்ட் கடன், 20 ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம். 2020 ஜூலையில் பிரைம் வட்டி, அதாவது பேங்குகள் கடனுக்கு அடிப்படையாக வைக்கும் வட்டி, 7% ஆக இறங்கியபோது இதற்கு மாதத் தவணை சுமார் 7,750 ராண்ட். 2023 மே மாதம் பிரைம் 11.75%ஐத் தொட்டபோது அதே கடனுக்கு ஏறக்குறைய 10,840. 1998இல் பிரைம் 25.5% வரை போயிருக்கிறது. அந்த வட்டிக்குத் தவணை 21,000ஐத் தாண்டும். இங்கே வீட்டுக் கடன் பெரும்பாலும் பிரைமோடு ஏறி இறங்குவது. வாங்குகிற மாதத்து வட்டியை மட்டும் பார்த்து முடிவெடுப்பது, வெயில் நாளில் கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பது மாதிரி.

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் மனையோடு ஒரு வீடு, பின்னால் வாடகைக்கு விட ஒரு பின்கட்டு. இல்லையென்றால் உம்லாங்கா பக்கமோ டர்பன் கடற்கரையிலோ ஒரு செக்ஷனல் டைட்டில் பிளாட், அதாவது பிளாட் உங்களுடையது, கட்டடத்தின் பொது இடங்கள் எல்லோருக்கும் பொது. என் ஓட்டு வீட்டுக்குத்தான். நாங்கள் வாங்கியதும் வீடுதான், ஆகவே சாய்வு இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

பிளாட்டின் நல்லதை மறுக்க முடியாது. வாசலில் காவல் உண்டு, பூட்டிவிட்டு ஊருக்குப் போகலாம், கட்டட இன்சூரன்ஸ் லெவிக்குள், அதாவது பொதுச் செலவுக்கு மாதாமாதம் கட்டும் பணத்துக்குள், அடங்கிவிடும். பத்திரம் மாற்றும்போது கட்டும் மாற்று வரி இரண்டுக்கும் ஒன்றே. 2025 ஏப்ரலிலிருந்து 12.1 லட்சம் ராண்ட் வரை அந்த வரி கிடையாது. இதில் பேச ஒன்றுமில்லை.

பேச வேண்டியது லெவியைப் பற்றி. பிளாட்டுக்கு 7 லட்சம் கடன், வாடகை 8,000, லெவி 2,500, நகராட்சி ரேட்ஸ் (சொத்து வரி) 900 என்று ஒரு கணக்குப் போடுவோம். கையில் நிற்பது 4,600. 7% வட்டியில் தவணை 5,430. மாதம் 830 கைக்காசு போட வேண்டும். 11.75% ஆனால் தவணை 7,590. கைக்காசு 3,000 ஆகிவிடும். இதற்கு நடுவில் லெவி ஆண்டுக்கு 8% ஏறினால் மூன்றே ஆண்டில் அது 3,150. வட்டி இறங்கினாலும் லெவி இறங்காது.

அதைவிட மோசமானது பக்கத்து வீட்டார் நிலுவை. வட்டி ஏறும்போது உங்களுக்கு மட்டுமா இடிக்கிறது? கட்டடத்தில் எல்லோருக்கும்தான். பாண்டை, அதாவது வீட்டுக் கடனைக் கட்டாவிட்டால் பேங்க் வீட்டைப் பிடித்துவிடும் என்று பயந்து அதைக் கட்டுவார்கள், லெவியைத் தள்ளிப்போடுவார்கள். அந்த பிளாட் விற்கிற நாளில் லெவி பாக்கி தீராமல் பத்திரம் மாறாது என்பதால் பணம் கடைசியில் வந்துவிடும். ஆனால் அதுவரை லிப்ட் கம்பெனிக்கும் காவலுக்கும் யார் கொடுப்பது? ஒழுங்காகக் கட்டுகிறவர்கள்தான். கட்டடத்து உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்த அமைப்பான பாடி கார்ப்பரேட் கையில் காசு தீர்ந்தால் ஸ்பெஷல் லெவி வரும், அவரவர் பங்கு விகிதப்படி. மொத்தம் 4,000 சதுர மீட்டர் கட்டடத்தில் 80 சதுர மீட்டர் பிளாட் என்றால் 2%. மொட்டை மாடி வாட்டர்புரூஃபிங்கும் லிப்டும் சேர்ந்து 15 லட்சம் ஆனால் உங்கள் தலையில் 30,000.

2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டம் ரிசர்வ் நிதியும் பத்தாண்டுப் பராமரிப்புத் திட்டமும் கட்டாயம் என்கிறது. தாளில் திட்டம் இருப்பது வேறு, நிதியில் பணம் இருப்பது வேறு. விலை பேசும் முன் கடைசி ஆண்டுக் கூட்டத்தின் தணிக்கைக் கணக்கையும், 90 நாளுக்கு மேல் நிலுவை எவ்வளவு என்ற பட்டியலையும், பாடி கார்ப்பரேட்டை நடத்தும் டிரஸ்டிகளின் கூட்டக் குறிப்புகளையும் கேளுங்கள். ஸ்பெஷல் லெவி தீர்மானம் போட்ட அன்று யார் பெயரில் பிளாட் இருந்ததோ அவர் கடன் அது. இருந்தாலும் ஒப்பந்தத்தில் அதை ஒரு வரி எழுதிவிடுங்கள், சண்டை வராது.

கடலோரம் என்றால் பால்கனி விளிம்புக்கு அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். துருக்கறை வழிந்திருக்கிறதா? நாணயத்தால் தட்டினால் பொள்ளென்று கேட்கிறதா? அப்படியென்றால் உப்புக் காற்று உள்ளே புகுந்து கம்பி துருப்பிடித்து ஊதி கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. மேலே பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள்.

வீட்டுக்கும் செலவு உண்டு. மதிப்பில் ஆண்டுக்கு 1% ஒதுக்கி வையுங்கள். 7 லட்சத்துக்கு மாதம் 580 சொச்சம், இன்சூரன்ஸ் தனி. வித்தியாசம் என்னவென்றால், வட்டி ஏறிய ஆண்டில் பெயின்டைத் தள்ளிப்போடலாம், கூரை ஒழுகலை மட்டும் பார்க்கலாம். எதை எப்போது செய்வது என்பது உங்கள் கையில். பின்கட்டு வாடகையும் தவணையில் ஒரு பங்கைத் தாங்கும்.

வீட்டில் காலை வாருவது பின்கட்டின் பிளான். நகராட்சி ஒப்புதல் இல்லாமல் கட்டியது ஏராளம். பேங்க் மதிப்பீட்டாளர் அதைக் கணக்கில் சேர்க்கமாட்டார், தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் கையை விரிக்கும். ஒப்புதல் பெற்ற பிளானைக் கையில் வாங்கி, சுவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2022 பிப்ரவரியிலிருந்து, ஏஜென்ட் மூலம் விற்றால், விற்பவர் குறைகளை எழுதிக் கையெழுத்திட்ட படிவம் தர வேண்டும். அதில் பின்கட்டுக்கு ஒப்புதல் உண்டா என்பதற்கு என்ன பதில் என்று பாருங்கள். மின் சான்றிதழ் இரண்டு ஆண்டுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். முன்வீட்டு பிளக்கிலிருந்து ஒயரை இழுத்துப் பின்கட்டுக்குக் கொடுத்திருந்தால் சான்றிதழ் கிடைக்காது. தனி டிபி போர்டு (மின் பகிர்வுப் பலகை) போட வேண்டிவரும். மேட்டுச் சரிவு மனை என்றால் தடுப்புச் சுவர் வெளியே சாய்கிறதா, அதில் தண்ணீர் வடியத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். 2022 ஏப்ரல் மழை சரிவு மனைகளை என்ன செய்தது என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் அதைக் கழற்றப் பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர்தான் வேண்டும். அந்தச் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள்.

இன்னொரு குறை, வாடகை தராத ஆள் உங்கள் முற்றத்திலேயே இருப்பார். கோர்ட் உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது, தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவும் கூடாது. டெபாசிட்டை வட்டி தரும் கணக்கில் போடுங்கள், ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும்.

விடுமுறைக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவதற்காகவே கடலோரப் பிளாட் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு மாறலாம்; அதில் எனக்கு அனுபவம் போதாது. மாத வாடகைக்கு விடத்தான் பிளாட் என்றால், 12% வட்டியில் தவணையையும் இன்னொரு 30,000 ராண்ட் ஸ்பெஷல் லெவியையும் ஒரே ஆண்டில் போட்டுப் பாருங்கள். தாங்கினால் வாங்கலாம்.