ஷாம்புக்கு எந்தப் பாட்டில்? காயலான் கடைத் தராசில் ஓர் ஒப்பீடு

தோழி ஒருத்தி சீயக்காயும் செம்பருத்தியும் போட்டு வீட்டிலேயே ஷாம்பு தயாரித்து விற்கிறாள். கூடவே ஒரு முகக் கிரீமும் உண்டு. இதுவரை கிடைத்த பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தவள், இப்போது சொந்த லேபிளோடு கடைகளுக்குப் போடப்போகிறாள். "தூக்கிப் போட்டா மறுபடி உருக்குற மாதிரி எதையாவது சொல்லு" என்று ஒரு கட்டைப்பை நிறைய மாதிரிகளோடு வந்துவிட்டாள்.

முதலில் ஒரு விஷயம். பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். அது மறுசுழற்சிக்கான உத்தரவாதம் இல்லை. 1 என்றால் பெட் (PET), 2 என்றால் எச்.டி.பி.ஈ. (கெட்டியான ஒரு வகைப் பாலித்தீன்), 5 என்றால் பி.பி. (பாலிபுரோப்பிலீன்) என்று பிளாஸ்டிக்கின் வகையை மட்டும் சொல்கிறது. நம் ஊரில் தீர்ப்பு சொல்வது குப்பையைப் பிரிக்கிறவரின் கையும் காயலான் கடைத் தராசும்தான். எடை நிற்கிறதா, எல்லாம் ஒரே பொருளா, பிரிக்க எவ்வளவு நேரமாகும் என்றுதான் அங்கே பார்ப்பார்கள்.

அவளுக்குப் பிடித்தது கண்ணாடி போல மின்னும் பெட் பாட்டில். மேலிருந்து கீழ்வரை செம்பருத்திப் படம் போட்ட ஸ்லீவ், சட்டை மாட்டினாற்போல இறுக்கமாக இருந்தது. எனக்குப் பிடித்தது பால்வெள்ளை எச்.டி.பி.ஈ. பாட்டில். "பினாயில் பாட்டில் மாதிரி இருக்குடி" என்றாள்.

சரி என்று கத்தரிக்கோலை எடுத்து இரண்டு பாட்டிலிலும் ஸ்லீவிலும் ஒவ்வொரு துண்டு வெட்டி, ஒரு மக் தண்ணீரில் போட்டேன். எச்.டி.பி.ஈ. மிதந்தது. பெட் மூழ்கியது. ஸ்லீவ் துண்டும் கூடவே மூழ்கி அதன் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. சிக்கலே இதுதான். மறுசுழற்சிக் கூடத்தில் பாட்டில்களைச் சில்லுகளாக நொறுக்கிக் கழுவி, தண்ணீர்த் தொட்டியில் விட்டுத்தான் பிரிக்கிறார்கள். தண்ணீரின் அடர்த்தி 1; அதைவிடக் கூடினால் மூழ்கும், குறைந்தால் மிதக்கும். பெட்டின் அடர்த்தி 1.38 அளவில் இருக்கும். எச்.டி.பி.ஈ. 0.95, பி.பி. 0.9. ஸ்லீவ் பெரும்பாலும் பி.வி.சி.யாகவோ, பெட்டின் மாற்று வகையான பெட்-ஜியாகவோ இருப்பதால் பெட்டோடு சேர்ந்தே அடியில் தங்கிவிடும். பி.வி.சி. கொஞ்சம் கலந்தாலும், உருக்கும்போது அமிலம் கக்கி பெட்டைப் பழுப்பாக்கிவிடும். பெட்-ஜி குறைந்த சூட்டிலேயே இளகி, சில்லுகளை உலர்த்தும் இடத்தில் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

பெட் வேண்டாம் என்று சொல்லவில்லை. நிறமில்லாத பெட்டுக்கு நல்ல கிராக்கி உண்டு. முழு ஸ்லீவை விட்டுவிட்டு, தண்ணீரில் விட்டுப்போகும் பசையோடு சின்ன பி.பி. லேபிள் ஒட்டினால் போதும். பாட்டில் மூழ்கும், லேபிள் மிதக்கும். எச்.டி.பி.ஈ.யில் கணக்கு வேறு. அங்கே லேபிளும் பாலித்தீனாகவே இருந்தால் பாட்டிலோடு சேர்ந்து உருகிவிடும், பிரிக்கவே வேண்டாம். காகித லேபிள்தான் தொல்லை. பார்க்க இயற்கையாகத் தெரியும், கழுவும்போது கூழாகிச் சில்லெல்லாம் ஒட்டும். கறுப்புப் பாட்டில் பக்கமே போக வேண்டாம் என்றேன். கார்பன் கறுப்பு கலந்த பிளாஸ்டிக் அகச்சிவப்புக் கதிரில் பிரிக்கும் இயந்திரத்தின் கண்ணிலேயே படாது, மறுபடி உருக்கினாலும் கறுப்பாகத்தான் வரும்.

பினாயில் பேச்சுக்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. பாராசூட் தேங்காய் எண்ணெய் முன்பு டின்னில் வந்தது. பிளாஸ்டிக்குக்கு மாறியபோது, சதுரப் பாட்டிலை எலி கடித்துவிடும் என்று கடைக்காரர்கள் பயந்ததால், பல் பதியாதபடி உருண்டையாக வார்த்தார்கள். அந்த நீல எச்.டி.பி.ஈ. பாட்டிலை இன்றைக்கு யாரும் பினாயிலோடு குழப்பிக்கொள்வதில்லையே.

அப்புறம் மூடி. பம்ப் வைத்தால்தான் கௌரவம் என்று ஒரு நினைப்பு. அவள் கொண்டுவந்த பம்பைக் கழற்றிப் பார்த்தோம். தலைப்பகுதி, கழுத்து வளையம், உள்குழாய், உறிஞ்சு குழல், ரப்பர் வளையம், ஒரு குட்டி எஃகு ஸ்பிரிங், கடைசியில் மிளகு அளவில் ஒரு குண்டு டங்கென்று தரையில் விழுந்து ஓடியது. கழற்ற எனக்குக் குறடு தேவைப்பட்டது. நாள் முழுக்க மூட்டை மூட்டையாகப் பிரிப்பவர் இதற்கு உட்காருவாரா? பம்பை அப்படியே குப்பையில் எறிவார், இல்லையென்றால் பாட்டிலையும் சேர்த்தே எறிவார். ஸ்பிரிங்கையும் பிளாஸ்டிக்கிலேயே வார்த்த பம்புகள் இப்போது வந்துவிட்டன, ஆனால் சின்ன அளவில் வாங்குபவர்களுக்கு எளிதில் கட்டுப்படியாகாது. மடக்கித் திறக்கும் சாதாரண பி.பி. மூடியே போதும். ரோஸ் கோல்டு முலாம் மூடி அழகுதான், ஆனால் அது பெரும்பாலும் ஏ.பி.எஸ். என்ற வேறொரு பிளாஸ்டிக் மேல் உலோகப் பூச்சு; யாருக்கும் உதவாது.

கிரீமுக்கு வந்தோம். டியூபா, ஜாடியா? வழக்கமான டியூபில் பாலித்தீன் அடுக்குகளுக்கு நடுவே அலுமினியத் தாள் இருக்கும். அதைப் பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாத வேலை. கோல்கேட் 2019இல் முழுக்க எச்.டி.பி.ஈ.யாலேயே பற்பசை டியூப் கொண்டுவந்து, மற்ற நிறுவனங்களும் அதைப் பின்பற்றலாம் என்று தொழில்நுட்பத்தைப் பகிர்ந்தது. நல்ல காரியம். ஆனால் குப்பை மூட்டைக்குள் கிடக்கையில் புது டியூபும் பழைய டியூபும் பார்வைக்கு ஒன்றுதான். உள்ளே ஒட்டிய கிரீம் வேறு.

ஜாடியில் இரட்டைச் சுவர் வைத்தது உண்டு. வெளியே அக்ரிலிக், உள்ளே பி.பி. கிண்ணம், நடுவில் வெறும் காற்று. பெரியதாகக் காட்டும் ஏமாற்று வேலை, அதை ஓரமாக வைத்துவிட்டேன். ஒற்றைச் சுவர் பி.பி. ஜாடி பரவாயில்லை. கண்ணாடி ஜாடியை எத்தனை முறையும் உருக்கலாம் என்பது உண்மை. ஆனால் எடை அதிகம், கூரியரில் உடையும், காயலான் கடையில் கிலோவுக்குக் கிடைப்பதும் சொற்பம். அதற்கு இருக்கிற ஒரே பலம், நம் வீடுகளில் அது குப்பைக்கே போகாது, கடுகும் வெந்தயமும் போட்டு வைத்துவிடுவார்கள்.

பையின் அடியில் சாஷே ரோல் ஒன்றும் இருந்தது. சாம்பிளுக்காம். ஷாம்பு சாஷேவின் கதையே நம் கடலூரில்தான் தொடங்குகிறது. சின்னிகிருஷ்ணன் தொடங்கி வைத்ததை அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் 1983இல் ஆரம்பித்த சிக் ஷாம்பு ஊர் ஊராகக் கொண்டுபோனது. பாட்டில் வாங்க முடியாதவர்கள் கைக்கு ஷாம்பு வந்தது அதனால்தான். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மறுசுழற்சி என்று கேட்டால் இந்த மொத்தப் பையிலும் கடைசி இடம் இதற்குத்தான். பாலியஸ்டர், உலோகப் பூச்சு, பாலித்தீன் என்று மெல்லிய அடுக்குகள். ஒரு கிலோ சேர ஆயிரக்கணக்கில் பொறுக்க வேண்டும். சேர்த்தாலும் சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகத்தான் போகும். 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் குட்கா, பான் மசாலா, புகையிலை சாஷேக்களைத் தடுத்தன. ஷாம்புவைத் தொடவில்லை.

கடைசியில் ஷாம்புக்கு 200 மில்லி வெள்ளை எச்.டி.பி.ஈ., பாலித்தீன் லேபிள், மடக்கு மூடி என்று ஒத்துக்கொண்டாள். கிரீமுக்கு பி.பி.யா கண்ணாடியா என்பதில் இன்னும் இழுபறிதான். பம்பிலிருந்து விழுந்த குண்டு, மறுநாள் பெருக்கும்போது பீரோவுக்கு அடியில் கிடைத்தது.