ஒரே குடும்பம், இரண்டு ஸ்கூட்டர் கணக்கு

எலக்ட்ரிக் ஸ்கூட்டரா, பெட்ரோலா? திருவல்லிக்கேணியில் இருக்கும் அக்காவுக்கும் மடிப்பாக்கத்தில் இருக்கும் எனக்கும் ஒரே மாதத்தில் இந்தக் குழப்பம் வந்தது. முடிவு மட்டும் வேறு வேறு.

என் கணக்கு இது. சிறுசேரி ஆபீசுக்குப் போக வர 40 கிலோமீட்டர். 25 நாளுக்கு 1,000. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டி 22 லிட்டர் குடிக்கும். லிட்டர் நூறு ரூபாய் என்றால் 2,200. அதுவும் காலியான ரோட்டில். மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் ஊர்ந்து போனால் மைலேஜ் இன்னும் இறங்கும். எலக்ட்ரிக் வண்டி சிக்னலில் சும்மா நிற்கும்போது எதையும் எரிப்பதில்லை. சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து 1,000 கிலோமீட்டருக்கு 35 யூனிட் ஆகும். யூனிட் 8 ரூபாய் என்று தாராளமாகவே போட்டாலும் 280தான். வண்டி விலையில் 35,000 ரூபாய் வித்தியாசம் இருந்தால், ஒன்றரை வருடத்தில் போட்டது திரும்பிவிடும்.

ஒரு சிக்கல் உண்டு. நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். ஸ்கூட்டர் மட்டுமே 70 யூனிட் இழுக்கும். மொத்தம் 500ஐத் தாண்டினால் 101 முதல் 200 யூனிட் வரையிலான சலுகை விலையும் போய்விடும். ஏசி ஓடும் மே மாதத்தில் இது உறைக்கும்.

அக்காவுக்கு ஸ்கூலும் மார்க்கெட்டும்தான். நாளைக்கு 8 கிலோமீட்டர். மிச்சமாவது மாதம் 400 ரூபாய்கூட இல்லை. அதே 35,000 திரும்ப ஏழு வருடத்துக்கு மேல் ஆகும். வண்டி நிற்பது தெருவில், வீடு மூன்றாவது மாடி. கழற்றும் பேட்டரி வண்டி பார்த்தோம். பத்து கிலோவைத் தூக்கிக்கொண்டு தினம் மாடி ஏற அக்காவுக்கு என்ன தலையெழுத்தா?

இன்னும் ஒரு வருடம் பொறுக்கலாமே என்றார் அத்தான். பொறுத்தால் லாபம் என்று சொல்லிவிட முடியாது. 2023 ஜூனில் மத்திய அரசு எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கான மானியத்தை, பேட்டரி கொள்ளளவில் ஒரு கிலோவாட்-மணிக்கு (அதாவது ஒரு யூனிட்டுக்கு) 15,000 ரூபாயிலிருந்து 10,000 ஆகக் குறைத்தது. காத்திருந்தவர்களுக்கு அதில் நஷ்டம்தான். ஆனால் மூன்று வருடமாக இருந்த பேட்டரி வாரன்டி சில வண்டிகளுக்கு எட்டு வருடம்வரை நீண்டிருப்பதும் அதற்கு அப்புறம்தான். தெருமுனை மெக்கானிக் தொடத் தயங்கும் வண்டியில் எனக்கு முக்கியம் அந்த வாரன்டி.

வெள்ளத்தைப் பற்றிக் கேட்டால், இரண்டுமே முழுகும். எலக்ட்ரிக் வண்டி பேட்டரிக்குச் சொல்லும் ஐபி 67 என்பது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரத்துக்கான தரச்சான்று. 2023 டிசம்பர் மிக்ஜாமில் எத்தனையோ தெருக்களில் தண்ணீர் நாள் கணக்கில் நின்றது.

அக்கா பெட்ரோல் வண்டியே எடுத்தாள். நான் ஷோரூம் போகும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். என் மீட்டரிலிருந்து பார்க்கிங்வரை லைன் இழுக்க அசோசியேஷன் சம்மதித்த பிறகுதான் அட்வான்ஸ் கட்டினேன்.