நீதிமன்றமா, உண்மை ஆணைக்குழுவா?

பெரும் வன்முறை ஓய்ந்த பிறகு, பறிபோன உரிமைகளுக்கு யார் பதில் சொல்வது? 1990களில் ஆப்பிரிக்கா இரண்டு வழிகளைப் பார்த்தது.

நிறவெறி ஆட்சி முடிந்த தென்னாப்பிரிக்காவில், பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையிலான உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 1996இல் விசாரணையைத் தொடங்கியது. 21,000க்கும் மேற்பட்டோர் தங்களுக்கு நேர்ந்ததை வாக்குமூலமாகத் தந்தார்கள். அரசியல் நோக்கத்தோடு செய்த குற்றத்தை ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொண்டவர் பொதுமன்னிப்புப் பெறலாம். வருந்த வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் இதை எந்த வாயால் நியாயப்படுத்துவது? ஆனால், உடலைப் புதைத்த இடம் எது என்பது சில குடும்பங்களுக்கு அப்படித்தான் தெரியவந்தது.

ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலையை விசாரிக்க ஐ.நா. 1994இல் தீர்ப்பாயம் அமைத்தது. மெதுவான வழி; இருபது ஆண்டுகளில் குற்றம்சாட்டப்பட்டவர்கள் 93 பேர்தான். ஆனாலும் என் மனம் இந்தப் பக்கமே சாய்கிறது. தாபா வட்டார மேயர் அகாயேசு மீதான முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை இல்லவே இல்லை. சாட்சிக் கூண்டில் பெண்கள் வாய்திறந்த பிறகே, 1997இல், அது சேர்க்கப்பட்டது. அமர்வின் ஒரே பெண் நீதிபதி, தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த நவநீதம் பிள்ளை. வன்புணர்வும் இனப்படுகொலைக் குற்றமாகலாம் என்று 1998இல் வந்த தீர்ப்பு முதன்முறையாக நிலைநாட்டியது. பின்னால் வந்த வழக்குகளில் அதைக் காட்டி வாதாட முடிந்தது.